யோகநாதனுக்காகக் காத்திருந்த ஜப்பான்

யோகநாதன் ஒரு நாட்டையே காக்க வைத்துவிட்டார்.

ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய ரயில். சரியாக அந்த நேரம் பார்த்து வெள்ளவத்தையில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ஏழரை. வேர்த்து விறுவிறுத்துக் கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த ஜப்பான் வீடியோத் தளத்தைத் திறந்து, பட்டனை அமத்தினார். ரயில் அப்போதுதான் புறப்பட்டது. அத்தனை ஜப்பானியரும் அப்போதுதான், ஒருவர் தவறாமல், வணக்கம் சொன்னார்கள்.

யோகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இஞ்சாருமப்பா! ஒண்டரை மணித்தியாலம்! ஒரு சனம் எழும்பிப் போகேல்லை!"

"நான் அவிச்சு வச்ச புட்டும் ஒண்டரை மணித்தியாலமா இருக்கு. அதுவும் எழும்பிப் போகேல்லை. வந்து சாப்பிடுங்கோ," என்றாள் குசினியிலிருந்து மனைவி பாலேஸ்வரி.

விஷயம் இதுதான். யோகநாதனின் ஃபிளாட் மூன்றாம் மாடியில், கடலைப் பார்த்தபடி இருந்தது. கடலுக்கும் ஃபிளாட்டுக்கும் நடுவே தண்டவாளம். ஆகவே மனிதர் ஆயுள் முழுவதும் ரயிலின் விலாவை மட்டுமே பார்த்து நரைத்தவர். ரயிலுக்கு முன்னால் என்னதான் தெரியும் என்ற கேள்வி, கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற பின் அவரைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. தேடிப்போன இடத்தில் அகப்பட்டது அந்த ஜப்பான் வீடியோ. சாரதியின் கண்ணாடிக்குள்ளால் எடுத்தது. தண்டவாளம், கடல், சுரங்கம், மறுபடி தண்டவாளம். அவ்வளவுதான். யோகநாதன் சொர்க்கத்துக்கு சீசன் டிக்கட் எடுத்துவிட்டார், தினமும் மாலை ஆறு மணிக்கு.

அந்தத் தளத்தில் ஒரு புதுமை. பார்ப்பவர்கள் எழுதும் வார்த்தைகள் படத்தின் மேலேயே வலமிருந்து இடமாகப் பறந்து போகும். போனைத் திரைக்கு நேரே பிடித்தால் அது தமிழாக்கித் தரும். 'வந்துவிட்டேன்.' 'மாலை வணக்கம்.' 'ஆ, கடல்!' 'இதோ சுரங்கம்.' இவ்வளவு பேரும் தன்னோடு ஒரே பெட்டியில் இருந்து வருகிறார்கள் என்பதில் யோகநாதனுக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஒருநாள் அவசரமாகப் பாத்ரூமுக்குப் போக வேண்டி வந்து ரயிலை நிறுத்தினார். வார்த்தைகள் எல்லாம் அந்தரத்தில் அப்படியே நின்றன. திரும்பி வரும்வரை ஒரு எழுத்து அசையவில்லை. எங்கள் சனம், பஸ் ஒரு நிமிடம் கூட நின்றால் சாரதியின் பரம்பரையையே விசாரிக்கும்!

இந்தப் பெருமையை ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கந்தோரில் முப்பது வருடம் எதிர் மேசையில் இருந்து அவரை நக்கலடித்தே சம்பளம் எடுத்த வலன்ரைனிடம். இப்போது மனைவி தவறி, மகன் இத்தாலியில் இருக்க, கொட்டாஞ்சேனை வீட்டில் தனியே இருந்துகொண்டு, போனில் நக்கலைத் தொடர்பவர்.

"உனக்காக ஜப்பான் காத்திருந்ததோ? மச்சான், உன்ர கலியாணத்துக்கே ஐயர் காத்திருக்கேல்லை. ஞாபகமிருக்கோ?"

"நீயே போய்ப் பார். பாக்கிறதுக்கு ஒருத்தற்ற அனுமதியும் தேவையில்லை."

"பாக்கிறதில என்ன இருக்கு? அதில ஒருத்தன் உன்னட்டை ஒரு வார்த்தை கதைக்கட்டும். உன்னோட. பிறகு நான் நக்கலை விடுறன், சாகும்வரைக்கும்."

முப்பது வருட நக்கல் ஓயும் என்றால் யோகநாதன் ஹிமாலயத்தையே ஏறுவார். ஒரு ஜப்பானியன் ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும். ஆனால் பேசுவதற்குத் தளத்தில் பதிய வேண்டும். பதிவுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஜப்பான் மொழி. போனைப் பிடித்துப் பிடித்து, கை மரத்து, கடைசியில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார்.

அந்த முகவரியோ மகள் சுபோதினி போட்டுக் கொடுத்தது. கடிதங்கள் போய் விழுவது ரொறன்ரோவில், அவளுடைய போனில். விடியப்புறம் கண்விழித்த பிள்ளை அப்பாவின் பெயருக்கு ஜப்பான் மொழியில் கடிதம் வந்திருக்கக் கண்டாள்.

"அப்பா, ஆர் அந்த ஜப்பான்காரி?"

"ஜப்பான்காரி இல்லைப் பிள்ளை. ரயில்."

"ரயில்லயோ சந்திச்சனீங்கள்?"

மேற்கொண்டு விளக்குவதற்குள் லைன் அறுந்தது. செய்தி ரொறன்ரோவிலிருந்து லண்டன் போய், லண்டனிலிருந்து பாரிஸ் போய், வழிநெடுகச் சதைபிடித்து வளர்ந்தது. பாரிஸில் இருக்கும் பாலேஸ்வரியின் தங்கை வெள்ளவத்தைக்கு அழைத்தபோது அந்த ஜப்பான்காரிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது யோகநாதனை உரித்து வைத்திருந்தது.

பாலேஸ்வரி அழவில்லை. அகப்பையைக் கழுவி வைத்தாள்.

"ஆறு மணிக்கு நானும் வந்து இருக்கிறன். அவள் ஆரெண்டு பாப்பம்."

ஆறு மணிக்கு இருவரும் சோடியாக ஜப்பான் ரயிலில் ஏறினார்கள். கடல் வந்தது. பாலேஸ்வரியின் முகம் சற்றே இளகியது. ஒரு நெடும் பாலத்தை ரயில் தாண்டியதும் திரையெங்கும் எட்டு எட்டாகப் பறந்தது. 8888888! மழைக்காலத்து ஈசலைப்போல நூற்றுக்கணக்கான எட்டுகள்.

"ஐயோ, எட்டு! சனீஸ்வரன்ர எண்ணப்பா! உங்களுக்கு ஏழரைச் சனி நடக்குது. நீங்கள் பிறந்ததும் எட்டாந் திகதி. ஆரோ உங்களுக்குச் செய்வினை செய்யினம்!"

பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். சனிக்கிழமை கோயிலில் எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்த பின்தான் கம்ப்யூட்டருக்கு மறுபடி உயிர் வந்தது. அதற்குள், ஜப்பான்காரி இல்லை என்று ஒருவாறு நம்பிய சுபோதினி, தேடிப் பார்த்து உண்மையைச் சொன்னாள்: அந்தத் தளத்தில் எட்டைக் குவித்துப் போட்டால் கைதட்டுகிறார்கள் என்று பொருளாம்.

பாலேஸ்வரி யோசித்தாள்.

"ஆரைப் பாத்துக் கைதட்டினவை?"

"பாலத்தைப் பாத்தாக்கும்."

"நான் வந்து இருந்த அண்டைக்கோ? என்னையோ? அப்ப அவைக்கு எங்களைத் தெரியுதோ?"

யோகநாதன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கட்டியிருந்த கொடியில் அவருடைய மூன்று பெனியன்களும், இலாஸ்டிக் போன ஓர் உள்ளாடையும், கடற்காற்றில் தேசியக்கொடி போலப் பறந்துகொண்டிருந்தன. இவ்வளவு நாளாக ஜப்பான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததா!

அன்றிலிருந்து கொடி குளியலறைக்குப் போனது. கூறைச்சேலை கதிரைக்குப் பின்னால் திரையானது. குத்துவிளக்கு ஒரு பக்கம், சுபோதினியின் பட்டமளிப்புப் படம் மறுபக்கம். யோகநாதன் கழுத்துவரை பட்டன் பூட்டிய சேட்டோடு, மேசைக்குக் கீழே சாரத்தோடு, ஐந்தேமுக்காலுக்கே போய் இருந்தார். பாலேஸ்வரி முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டாள்.

பதிவு மட்டும் முடியவில்லை. கடைசிப் படியில் தளம், அவர் மனிதன்தானா என்று நிரூபிக்கச் சொன்னது. பென்சனுக்காக ஒவ்வொரு வருடமும் உயிரோடு இருப்பதை நிரூபிக்கிறவர் அவர். மனிதன் என்று நிரூபிக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. படங்களில் சிக்னல் லைட்டைக் காட்டச் சொன்னால் கம்பத்தையும் சேர்த்துக் காட்டினார். தளம் தலையாட்டவில்லை. இரண்டு நாள் விடாமல் தோற்று, பற்றரி செத்த லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போன் கடை வைத்திருக்கும் றமீலாவிடம் போனார்.

"என்னா அங்கிள், இந்த வயசுல ஜப்பான் விசாவா?"

"விசா எண்டால் சுகமாக் கிடைச்சிருக்கும் பிள்ளை. நான் மனிசன் எண்டு அவங்கள் நம்புறாங்கள் இல்லை."

"அதுக்கு அன்ட்டிக்கிட்ட ஒரு கடிதம் வாங்கி இருக்கலாமே," என்று சொல்லிச் சொல்லி, நாலு முறை தானும் தோற்று, ஐந்தாம் முறை யோகநாதனை மனிதராக்கி அனுப்பினாள் றமீலா.

அன்று பிற்பகல் முழுவதும் யோகநாதன் கடிதம் எழுதினார். 'மாண்புமிகு ஜப்பானியப் பெருமக்களுக்கு, இலங்கைத் தீவின் மேற்குக் கரையிலிருந்து' என்று தொடங்கி இரண்டு பக்கம். தளம் ஒரே வரியைத்தான் ஏற்றது. பெயரும் வராதாம், எழுதியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

"பேர் வராட்டில் உங்கட புகழ் எப்பிடிப் பரவும்?" என்று பாலேஸ்வரி கவலைப்பட்டாள்.

"புகழ் கிடக்கட்டும். ஒரே வரியில என்னத்தைக் கேக்கிறது?"

"வந்த சனத்திட்டை முதல் என்ன கேப்பியள்? அதைக் கேளுங்கோ."

ஆகவே கேட்டார். இரண்டாவது சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து, திரை இருண்டு, எழுத்துப் பளிச்சென்று தெரியும் இடமாகப் பார்த்து, போன் மொழிபெயர்த்துக் கொடுத்ததை அப்படியே ஒட்டினார்: 'வந்துவிட்டேன். நீங்கள் சாப்பிட்டாயிற்றா?'

வரி மெல்ல மிதந்து போய் இடப்பக்கம் மறைந்தது. சுரங்கம் முடிந்தது. 'ஆ, கடல்!' என்றார்கள் ஜப்பானியர்கள்.

ஒரு வார்த்தை பதிலில்லை.

"அண்டைக்குக் காக்க வச்சதில கோவம்," என்றார் யோகநாதன்.

"இல்லையப்பா. அங்க இப்ப ஒன்பதரை. பாவம், சாப்பிட்டிருக்காதுகள். அதைச் சொல்ல வெக்கம்."

மறுநாள் மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் உடல்நலம் விசாரித்தார். சாப்பாட்டை மட்டும் மறக்கவில்லை. இரண்டாம் சுரங்கத்தில் அன்றாடம் அதே கேள்வி; போன் அவருடைய வரியை மொழிபெயர்ப்பதில் இருக்க, அங்கே மிதப்பவற்றை வாசிக்க நேரமில்லை. வெளியே வந்தால் அதே மௌனம். வலன்ரைனோ தினமும் போன் எடுத்தார்.

"என்ன மச்சான், பதில் வந்ததோ?"

"வருது, வருது. ஜப்பான்காரர் யோசிச்சுத்தான் கதைப்பினம்."

பிறகு ஒருநாள் அந்தப் போனும் நின்றுவிட்டது. தோற்றவனைப் பார்த்து வலன்ரைன் இரக்கப்படுகிறான் என்று நினைத்தபோது யோகநாதனுக்கு நக்கலைவிட அது கூடுதலாகச் சுட்டது.

அந்தக் கிழமைதான், ரயில் போய்க்கொண்டிருக்கையில் குசினியில் குக்கர் விசிலடித்தது. பாலேஸ்வரி ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"கடலைத் தவறவிட்டிட்டன். கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ."

"என்ன கதை இது! இவ்வளவு சனத்தை ஏத்திக்கொண்டு போற ரயிலை உமக்காகப் பின்னுக்கு விடுறதோ? அதுகள் என்ன நினைக்கும்?"

இத்தனை மாதத்தில் மரியாதை கருதி அவர் ஒருநாளும் வீடியோவைப் பின்னுக்கு விட்டதில்லை. பாலேஸ்வரிக்கு அந்த மரியாதை இல்லை. மவுஸைப் பறித்து இழுத்தாள். ரயில் ஒரே தாவலில் புறப்பட்ட ஸ்டேசனுக்கே போய் நின்றது.

'மாலை வணக்கம்,' என்றார்கள் ஜப்பானியர்கள். 'வந்துவிட்டேன்.'

பாலேஸ்வரி மறுபடி இழுத்தாள்.

'மாலை வணக்கம். வந்துவிட்டேன்.'

"இஞ்சாருங்கோப்பா," என்றாள் மெதுவாக. "இதுகள் இப்ப சொல்றதில்லை. எப்பவோ சொல்லி வச்சிட்டுப் போட்டுதுகள்."

போனைப் பக்கத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனார் யோகநாதன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதிய திகதி இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்துக்கு முந்தியவை. வணக்கம் சொன்னவர்களும், கைதட்டியவர்களும், அவருக்காக ஒன்றரை மணித்தியாலம் எழும்பாமல் இருந்தவர்களும், அவர் கந்தோரில் வலன்ரைனுக்கு முன்னால் இருந்து பைல் கட்டிய காலத்திலேயே சொல்லிவிட்டு எழும்பிப் போயிருந்தார்கள். கடைசியில் கிடந்த சில வரிகளுக்கு மட்டும் இந்த மாதத் திகதி. அவையெல்லாம் அவர் கேட்டவை.

யோகநாதன் சேட்டின் மேல் பட்டனைக் கழற்றினார். கூறைச்சேலையைப் பாலேஸ்வரி மடித்து வைத்தாள். நக்கலடிக்கக் கிடைத்த இப்படியொரு சந்தர்ப்பத்தை அவள் விட்டதே அவருக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு வலன்ரைனுக்குப் போன் எடுத்தார். நக்கலடிப்பதென்றால் ஒரேயடியாக அடித்து முடிக்கட்டும். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது வலன்ரைன் வாய் நிறைய எதையோ அரைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், உன்னட்டை ஒரு விசயம் சொல்லோணும். அந்த ஜப்பான்காரர் ஒருத்தரும் எனக்கு…"

"பிறகு சொல்லு மச்சான், இப்ப நேரமில்லை! உனக்கு அவங்கள் வணக்கம்தானே சொல்றவங்கள்? எனக்கு ஒருத்தன் இருக்கிறான்டா, நான் போய் இருந்தா ரெண்டாவது டனலுக்குள்ள வச்சு ஒவ்வொரு நாளும் 'சாப்பிட்டாச்சா' எண்டு கேக்கிறான். என்ர மகன்கூடக் கேக்கிறதில்லை. அந்த மனிசனுக்குப் பொய் சொல்ல ஏலாது, ஆறு மணிக்கு முதல் சாப்பிட்டு முடிக்கோணும், வை போனை!"