கெல்லர்ஸ்ஃபோர்ட் காலுறைப் போர்

வாழிய பெட்ரா ஹாலரன்! மண்ணியல் பயிலும் மூன்றாமாண்டு மாணவியே, கெல்லர்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக வாட்போர் அணியின் தலைவியே, இடக்கை வாளால் எட்டு மாநிலத்து வலக்கையரைக் கலங்கடித்தவளே, வெண்ணுடை தரித்து வலைமுகமூடி பூண்டு நீ மேடையேறினால் வெற்றி விளக்கு உன் பக்கமே எரியும் பெருமை வாய்ந்தவளே, நீ வாழிய, நின் வாள் வாழிய! பிப்ரவரித் திங்களின் வெள்ளிக்கிழமையொன்றில், ஆறு உறைந்து கல்லாகிக் கிடந்த பிற்பகலில், வாளைப் பைக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு நீ பொருத பெரும்போரை, இவ்வூரில் இருபத்திரண்டு பனிக்காலம் கண்ட யான் பாடப் புகுந்தேன். யானை புரண்ட போரன்று. கோட்டை வீழ்ந்த போரன்று. துணி காயவைக்கும் பெட்டி ஒன்றின் முன்னே, ஒரு ஜோடி காலுறையை எதிர்த்து நிகழ்ந்த போர். ஆயினும் அதனினும் வீரம் செறிந்த போர் எதையும் அப்பல்கலைக்கழகம் அவ்வாண்டு கண்டதில்லை. அதன் கூடைப்பந்து அணி தோற்ற பத்தொன்பது ஆட்டங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். நூறாண்டுக் காலம் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள், பந்தாடும் மாணவர்க்குக் கூலி கொடுத்தால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடும் என்று கண்ணீர் மல்க உரைத்து, அம்மாணவர்தம் முழங்கால் தேய்ந்த உழைப்பிலே பளிங்கு அரங்கங்கள் எழுப்பி, பயிற்றுநர்க்கு மாளிகையும் இயக்குநர்க்கு ஏரிக்கரை வீடும் வழங்கி, ஆடியவனுக்கு ஒரு பனியனும் கைகுலுக்கலும் கொடுத்தனுப்பின. பிறகு ஒருநாள் நீதிமன்றம் ‘கொடுங்கள்’ என்றது. கொடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உழைத்தவன் கூலி பெறட்டும். ஆனால் பளிங்கில் ஒரு சில்லைப் பெயர்த்துக் கொடுத்தார்களா? மாளிகையில் ஓர் அறையை வாடகைக்கு விட்டுக் கொடுத்தார்களா? இல்லை. எவருடைய ஆட்டத்தைக் காண டிக்கெட் விற்பதில்லையோ, எவர் தோற்றாலும் கொடையாளர் குரைப்பதில்லையோ, அவர்கள் மடியில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.

கெல்லர்ஸ்ஃபோர்ட்டில் அந்தக் கையின் பெயர் வார்ட் கெம்மல். விளையாட்டுத் துறை இயக்குநர். பல்வரிசையால் ஒளி பரப்புவோன். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஊதியம் உயரும் வரம் வாங்கி வந்தவன். சென்ற நவம்பரில் அவன் விடுத்த பிரகடனம் மின்னஞ்சலில் வந்தது. “நம் மாணவ வீரர்களின் அனுபவத்தைப் புதிய சிகரங்களுக்கு உயர்த்தும் இப்பயணத்தில், எழுபத்தோராண்டுப் பெருமை கொண்ட நமது வாட்போர் அணி, இப்பருவத்தோடு இளைப்பாறும்.” இளைப்பாறும் என்றான், ஏதோ அந்த அணியே களைத்துப்போய் நாற்காலி கேட்டதுபோல. ஆய்வகத்தில் களிமண் சலித்துக்கொண்டிருந்த பெட்ரா அதை இருமுறை வாசித்தாள். மண் படிந்த விரலால் மூன்றாம் முறை திறந்து, அனுப்பியவன் பெயரை மட்டும் பார்த்தாள். பிறகு சல்லடையைப் போட்டு உடைத்தாள். அதற்கு அபராதம் கட்டினாள்.

அவ்வாறு மிச்சம் பிடித்த பொருளோடு கொடையாளர் பொருளும் கலந்து கூடைப்பந்து அணிக்கு வாங்கப்பட்டவன் ப்ராக்ஸ்டன் டூலி. ஏழடி நெடுமேனியன், வாசல் தோறும் தலைவணங்கி நுழைவதால் பணிவுடையவன் என்று பெயரெடுத்தவன், ஈராண்டில் இரு பல்கலைக்கழகங்களைக் கண்டு மூன்றாவதாக இங்கு இறங்கியவன், ஆண்டுக்குப் பதினெட்டு லட்சம் டாலர் விலையுடையவன். வாளோர் பயின்ற கூடத்தை அவன் கால் நீட்டிப் படுக்கும் ஓய்வறையாக மாற்றினார்கள். வாளோரின் உடைகளும் முகமூடிகளும் நடைக்கூடத்துச் சுவரோரம் குவிந்தன.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு, அந்த நடைக்கூடத்தில்தான் காலுறை நிறுவனத்தார் விளம்பரப் படம் பிடித்தார்கள். எவ்வளவு நனைந்தாலும் நொடியில் உலரும் காலுறையாம். அதை மெய்ப்பிக்க ப்ராக்ஸ்டனின் திருவடிகள்மேல் ஒரு பீப்பாய் நீலப் பானத்தைக் கவிழ்த்தார்கள். அந்த நீலப் பிரளயம் திருவடிகளை நனைத்து, தரை கடந்து, சுவரோரம் திறந்து கிடந்த பெட்ராவின் பைக்குள் புகுந்து, மறுநாள் நிகழவிருந்த போட்டிக்கென வைத்திருந்த அவளுடைய ஒரே வெண்ணுடையை வானத்தின் நிறமாக்கியது. மறுநாள் போட்டி அணியின் கடைசிப் போட்டி. அண்டை மாநிலத்துக்குப் பேருந்து மூன்றரை மணிக்கு. பகலில் பல் பிடுங்கி மாலையில் வாள் கற்பிக்கும் பயிற்றுநர் அம்மையார் தொலைபேசியில் சொன்னார்:

“ஈரத்தோட வராதே பெட்ரா. வாள் பட்டதைக் காட்டற மின்கருவி தப்புத் தப்பாக் காட்டும், நடுவர் மேடையேறவே விடமாட்டார். பஸ் யாருக்காகவும் நிக்காது, சொல்லிட்டேன்.”

பெட்ரா சலவைக்கூடத்துக்கு ஓடினாள். அக்கூடத்தை ஆண்டவள் வாண்டா க்ரெப்ஸ். இருபத்தாறு ஆண்டுகளாக வென்றவர் வியர்வையையும் தோற்றவர் வியர்வையையும் பேதமின்றித் துவைத்துவரும் சலவையரசி. அவள் உடையை வாங்கிச் சோப்பிட்டு, வினிகர் ஊற்றி, நீலம் போக அலசிக் கொடுத்தாள். உலர்த்துவதில்தான் ஊழ் குறுக்கிட்டது. கூடத்தில் இருந்த மூன்று உலர்த்திகளில் ஒன்று மாண்டுவிட்டது. ஒன்று அக்டோபர் முதல் உதிரிப்பாகத்துக்காகத் தவமிருக்கிறது. மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பத்தின் வாரத்துணி முழுவதும் கொள்ளும் அதன் இரும்பு வயிற்றுக்குள், கடலில் தத்தளிக்கும் இரு தோணிகள்போல, இரண்டே காலுறைகள் சுழன்றுகொண்டிருந்தன.

“துரையோட சாக்ஸ் கண்ணு,” என்றாள் வாண்டா, முகவாயால் மூலையைக் காட்டி. அங்கே ப்ராக்ஸ்டன், பிளாஸ்டிக் நாற்காலியில் நான்காய் மடிந்து, வெறுங்காலோடு அமர்ந்திருந்தான்.

“ரெண்டு சாக்ஸ்தானே,” என்றாள் பெட்ரா. “என் துணியையும் சேத்துப் போட்டுடறேன்.”

“முடியாதே,” என்றான் அவன், நிஜமான வருத்தத்தோடு. “ஒப்பந்தத்துல இருக்கு. இதோட வேற யார் துணியும் கலக்கக் கூடாதாம். பதினொண்ணாம் பக்கம். மூணு மணிக்கு இது காஞ்சிருக்கிற மாதிரி படம் பிடிக்கணும்.”

“எப்பக் காயும்?”

“நொடியில.”

“எப்பப் போட்டே?”

“ஒன்னேகாலுக்கு.”

மணி இரண்டாக ஐந்து நிமிடம். அக்கணமே எந்திரம் மணியடித்து நின்றது. ப்ராக்ஸ்டன் நாற்காலியை விட்டு எழாமலே, கிரேன் நீள்வதுபோல் கையை நீட்டிக் கதவைத் திறந்து, காலுறையின் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தான். “இன்னும் ஈரம்,” என்று மறுபடி பொத்தானை அழுத்தினான். இன்னும் இருபது நிமிடம். இரண்டேகாலுக்கு மீண்டும் மணியடித்தது, மீண்டும் கை நீண்டது, மீண்டும் ஈரம். உலகில் உள்ள காலுறைகளில் எல்லாம் உலர மறுக்கும் காலுறை அதுவே என்பதை விளம்பர நிறுவனத்தாரைத் தவிர அனைவரும் அறிந்துகொண்டார்கள்.

அப்பொழுது வாண்டா, சுவரில் தன் கையெழுத்தில் ஒட்டியிருந்த தாளைத் துடைப்பத்தின் காம்பால் தட்டினாள். சலவைக்கூடத்தின் ஒரே சட்டம் அதில் இருந்தது: எந்திரம் நின்ற பின் கதவில் முதலில் கை வைப்பவர்க்கே அடுத்த முறை. பெட்ரா படித்தாள். ப்ராக்ஸ்டனும் படித்தான், படித்துவிட்டு நாற்காலியைக் கதவுக்கு ஒரு சாண் நெருக்கிப் போட்டுக்கொண்டான்.

பெட்ராவுக்கு நாற்பது நிமிடச் சூடு வேண்டும். இரண்டு முப்பத்தைந்துக்குக் கதவு கிட்டாவிட்டால் பேருந்து போயிற்று, போட்டி போயிற்று, எழுபத்தோராண்டு அணியின் கடைசி நாளில் அணித்தலைவி இல்லை. அவள் நனைந்த உடையை வலத்தோளில் இட்டாள். எந்திரத்துக்கும் அவளுக்கும் இடையே மேசை, கூடை, இரு பேரடி தூரம். பின்காலை ஊன்றினாள், முன்முழங்காலை வளைத்தாள், இடக்கையைத் தளர்த்தினாள். அங்கே அவன், மலையினின்றும் பிரிந்து தொங்கும் கிளைபோன்ற கையை முழங்கால்மேல் வைத்துக் காத்திருந்தான். உள்ளே காலுறைகள் தடதடவென முரசறைந்தன. குழாய் ஒன்று சொட்டியது. வாண்டா துவாலை மடிப்பதை நிறுத்தினாள். களத்திலே இரு படைகள் நிற்க, இடையே ஒரு காகம் பறந்தாலும் கேட்கும் அமைதிபோல அமைதி கவிந்தது.

மணி அடித்தது.

கூட்டைவிட்டு எழும் பருந்தென, நாணைவிட்டு நீங்கிய கணையென, விடுதி உணவுக்கூடத்தில் பீட்சா வந்ததென்று கேட்ட முதலாண்டு மாணவனென, பெட்ரா பாய்ந்தாள். பதினோராண்டுக் காலம் பத்தாயிரம் முறை பயின்ற பாய்ச்சலது, முன்கால் பறந்து நிலம் அறைய, உடல் தாழ, தோள் திறக்க, இடக்கை நேர்கோடாய் நீள, மேசையைக் கடந்து, கூடையைக் கடந்து, இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பதினெட்டு லட்சம் டாலர் கையின் கீழாக நுழைந்து, அது கதவைத் தொடுவதற்கு அரை நொடி முன்னே அவள் நடுவிரல் கதவின் கைப்பிடியில் டக்கென்று பட்டது.

“பட்டுது!” என்று கூவினாள் வாண்டா. “நான் பாத்தேன்!”

காலுறைகள் மேசைக்குப் போயின. வெண்ணுடை உள்ளே போயிற்று. எந்திரம் உறுமியது. ப்ராக்ஸ்டன் தன் கையைத் தானே வியப்போடு பார்த்தான். பிறகு தொலைபேசியை எடுத்தான். நான்கு நிமிடத்தில் வார்ட் கெம்மல் வந்து சேர்ந்தான். தீப்பற்றியது என்றாலும் இவ்வளவு விரைவில் அவன் வந்ததில்லை.

“பெட்ரா, கோவப்படாதேம்மா,” என்றான், பற்களை எல்லாம் காட்டி. “அந்தத் துணியை வெளிய எடுத்துடு. ஸ்பான்சர் காத்திருக்காங்க. கொஞ்சம் பெருந்தன்மையா நடந்துக்கணும்.”

“எங்க ரூமைக் குடுத்தோம். எங்க அணியையே குடுத்தோம்,” என்றாள் பெட்ரா. “நாப்பது நிமிஷம் சார். இதைத் தரமாட்டேன்.”

“மிஸ்டர் கெம்மல், இங்க சட்டம் சுவத்துல இருக்கு,” என்றாள் வாண்டா.

இயக்குநன் நெஞ்சை நிமிர்த்தினான். கொடையாளர் விருந்துக்கென வைத்திருக்கும் குரலை எடுத்தான். “புரிஞ்சுக்கங்க. இந்தப் பையன்தான் இந்தப் பல்கலைக்கழகத்தோட எதிர்காலம்! அடுத்த வருஷம் முழுக்க இவனை நடுவுல வச்சுத்தான் எல்லாத் திட்டமும் போட்டிருக்கேன். அரங்கத்து வாசல்ல இவன் படம்தான் நாப்பதடிக்கு எழும்பப் போகுது!”

“அடுத்த வருஷமா?” என்றான் ப்ராக்ஸ்டன். “யாரு, நானா?”

கெம்மல் பல் தெரியத் தலையசைத்தான்.

“என் ஏஜென்ட் உங்ககிட்ட சொல்லலையா சார்? ஏப்ரல்ல நான் ஃப்ளோரிடா போறேன். பேசி முடிச்சாச்சு. அங்க பனி கிடையாது.”

மாநிலக் கண்காட்சியில் வெண்ணெயால் செய்துவைக்கும் பசுவின்மேல் வெயில் பட்டால் எப்படியோ அப்படி ஆயிற்று வார்ட் கெம்மலின் முகம். முதலில் பல்லொளி மங்கியது, பிறகு கன்னம் இறங்கியது, பிறகு தோள். நாற்பதடிப் படம் கிழிந்தது. திட்டங்கள் எல்லாம் அழுக்குக்கூடைக்குள் விழுந்தன. “அந்த ஏஜென்ட் நம்பரைக் குடு,” என்றான். வாங்கிக்கொண்டு, காலுறையையும் மறந்து, ஸ்பான்சரையும் மறந்து, கதவைத் தள்ளுவதற்குப் பதில் இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே ஓடினான். அவனுடைய அடுத்த ஆண்டுத் தொலைநோக்கு அவ்வளவில் முடிந்தது.

எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நெடுமேனியன் அவள் பக்கம் திரும்பினான்.

“நீ பாஞ்சியே, அது என்ன ஆட்டம்?”

“வாள்.”

“இங்க வாள் அணி இருக்கா? எவ்வளவு குடுக்கறாங்க?”

“இந்த பஸ்ஸுக்கே நாங்க குக்கி சுட்டு வித்துத்தான் காசு சேத்தோம்.”

“அப்புறம் எதுக்கு ஆடறே?”

“பிடிச்சிருக்கு. உனக்கு உன் ஆட்டம் பிடிக்காதா?”

அவன் யோசித்தான். “எட்டாம் வகுப்புல, ‘இவ்ளோ உயரமா இருக்கே, ஆடு’ன்னாங்க. பிடிச்சிருக்கான்னு யாரும் கேக்கல.” பிறகு, “அடுத்த வருஷமும் இப்படித்தான் குக்கி விப்பீங்களா?” என்றான்.

“அடுத்த வருஷம் அணி கிடையாது. உன் சம்பளத்துக்கு எடுத்துக்கிட்டாங்க.”

“எங்கிட்ட யாரும் சொல்லலையே,” என்றான் ப்ராக்ஸ்டன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பான் என்று அவனுக்கும் தெரியவில்லை. எழுந்து போய், குனிந்து, எந்திரத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மூன்றேகாலுக்கு மணி அடித்ததும் அவனே கதவைத் திறந்து, சுடச்சுட இருந்த உடையை எடுத்துத் தந்து, பனியில் ரப்பர் செருப்போடு அவள் பையைப் பேருந்து வரை சுமந்து வந்தான்.

காலுறை நிறுவனத்தார் ஈரக் காலுறையையே படம் பிடித்து, கணினியில் உலர்த்திக்கொண்டார்கள். வார்ட் கெம்மல் மறுவாரமே, ப்ராக்ஸ்டனைவிட இரண்டங்குலம் உயர்ந்தவனும் நான்கு லட்சம் விலை கூடியவனுமான மற்றொரு எதிர்காலத்தை வாங்கப் புறப்பட்டான். வாட்போர் அணியைப் பற்றி அவன் அதற்குப் பின் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த அணி சொன்னபடியே முடிந்தது. அதனாலென்ன! சனிக்கிழமை காலை, அண்டை மாநிலத்து அரங்கில், இன்னும் இலேசாய் நீலம் பூத்த உடையும் வலைமுகமூடியும் பூண்டு, எழுபத்தோராண்டுகளின் கடைசி வாளை இடக்கையில் ஏந்தி, தன் அணியார் ஒன்பது பேரும் தொண்டை கிழியக் கூவ, எட்டுப் பேரை எதிர்த்து அறுவரை வென்று, மூன்றாம் இடத்துப் பதக்கம் மார்பில் ஒளிர, அழுகையை முகமூடிக்குள் முடித்துக்கொண்டு முகம் காட்டி, மேடைமேல் வெற்றித்திருவென நின்றாள் பெட்ரா ஹாலரன்.

ப்ராக்ஸ்டன் டிரையரில் சூட்டைக் கூட்டி வைத்திருந்ததால் அவளுடைய பேண்ட் இரண்டு இஞ்ச் சுருங்கிவிட்டது.