சக்கரம் வைத்த சுவர்

இராஜபாளையம்,
17.6.1993

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை ஞானதுரைக்கு, அத்தான் ராஜரத்தினம் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காள் ஜெயபாயும் நல்ல சுகம். பட்டணத்தில் நீயும், உன் மனைவியும், நீ விற்கிற கம்ப்யூட்டர்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். எங்களுக்கு நீ விற்ற கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை.

ஈஸ்டருக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய்? "அத்தான், இன்னைக்கு ஒரு மிஷின், நாளைக்கு நாலு. கம்ப்யூட்டர் ரூமைச் செங்கல்ல கட்டிராதீய. பிளைவுட்ல சுவரடிச்சு அடியில சக்கரம் வைங்க. எம்புட்டு மிஷினோ அம்புட்டு எடத்துக்கு மட்டும் ஏசி ஓடுனாப் போதும்" என்றாய். பேண்டேஜ் துணி விற்கிறவனுக்கு இது பெரிய ஞானமாகப் பட்டது. பழைய குடோனில் பேக்கிங் பகுதியை ஒட்டி, நீ வரைந்து கொடுத்தபடியே செய்தேன்.

முதல் வாரமே வந்தது வினை. சுவர் நகரும் என்று தெரிந்தபிறகு அதை யார் சும்மா விடுவார்கள்? மத்தியானம் பேக்கிங் பெண்கள், "ஏட்டி, இங்கன குளுகுளுன்னுல்லா இருக்கு" என்று சுவரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கத்தில் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். சாப்பிட்டு எழுந்ததும் தலைமைக் கணக்கர் பால்ச்சாமி தன் பீரோவுக்கு இடம் போதாது என்று அதை எதிர்ப்பக்கம் தள்ளுவார். மத்தியானம் மண்டபமாக இருக்கும் அறை சாயங்காலம் அலமாரியாகிவிடும். ஒருநாள் அட்டைப் பெட்டிகளைச் சுவரின் கதவை அடைத்து அடுக்கிவிட்டார்கள். செத்த நேரம் கழித்து உள்ளேயிருந்து, "சார், நான் உள்ள இருக்கேன் சார்" என்று குரல். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கம்ப்யூட்டர் பார்க்கிற மாரியாத்தாள்தான். பாவம், வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டாள்.

இதெல்லாம் போகட்டும். போன வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிகளுக்குச் சரக்கு வாங்கிக் கொடுக்கும் கம்பெனியின் அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்தார். அவர் ஆர்டர் கிடைத்தால் பேண்டேஜ் துணி நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிகள் மொத்தமும் நமக்கே ஓடும். கிடைக்காவிட்டால் இரண்டாவது ஷிப்ட்டை நிறுத்தியாக வேண்டும், நாற்பது பெண்கள் வீட்டில் உட்கார வேண்டும். அறை பெரிதாகத் தெரியட்டும் என்று வாட்ச்மேன் உக்கிரபாண்டியிடம், "ஏலே, சுவரைக் கொஞ்சம் தள்ளு" என்றேன். அவன் தள்ளிய தள்ளு! அது பஞ்சு அலசின காலத்துத் தரை, தண்ணீர் வடிய வாட்டம் வைத்தது. சுவர் நிற்கவில்லை, மாப்பிள்ளை. கடகடவென்று உருண்டு பேக்கிங் ஹால் கடைசியில் மேஜையில் இடித்துத்தான் நின்றது. பெண்கள் அத்தனை பேரும் "ஆத்தாடி!" என்று கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். குளிர் காற்று ஹால் முழுக்கப் பரவிவிட்டது. கம்ப்யூட்டர் சூடேறி அணைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த அதிகாரி, "ஸ்ரீவில்லிபுத்தூர்ல எவ்வளவு ஸ்டாக் இருக்கு?" என்றார். மாரியாத்தாள் என்னைப் பார்க்கிறாள், நான் கர்த்தரைப் பார்க்கிறேன். பால்ச்சாமி தொண்டையைச் செருமி, தறி வாரியாக, அகலம் வாரியாக, மனப்பாடமாகச் சொன்னார் பார்! "மிஷின் அணைஞ்சா என்னய்யா, நாங்க அணையலையே" என்று வேறு சேர்த்துக்கொண்டார். அதிகாரி சிரித்தார், ஒரு சோடா குடித்தார், தபாலில் தெரிவிப்பதாகச் சொல்லிக் காரேறிப் போய்விட்டார். ஆர்டர் போச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆகையால் மாப்பிள்ளை, உன் வளர்ச்சியும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். திங்கட்கிழமை செங்கல் இறங்குகிறது. எட்டுக்கு எட்டு அறை, அசையாத சுவர். இன்னொரு மிஷினோடு இந்தப் பக்கம் வந்தால் நம் உறவு கசக்கும்.

உன் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். தேவன் உன்னையும் உன் வாயையும் காப்பாராக.

அன்புள்ள அத்தான்,
ராஜரத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மெட்ராஸ் தபால் வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஆர்டர் நமக்குத்தான்! பார்த்த ஆலைகளில் சுவருக்குச் சக்கரம் வைத்து, நாளைய வேலைக்கு இன்றே இடம் விட்டிருப்பது நாம் ஒருவர்தானாம். மிஷின் நின்றாலும் வேலை நிற்கவில்லை என்று பால்ச்சாமியைப் பாராட்டி ஒரு பத்தி. மூன்று கம்ப்யூட்டரோடு அடுத்த ரயிலில் புறப்படு. மேலே எழுதியதெல்லாம் உன் அக்காள் சொல்லச் சொல்ல நான் எழுதியதாக வைத்துக்கொள். அவளிடம் மட்டும் கேட்டுவிடாதே.