முகமில்லாத சுருட்டைமயிர்க்காரி

சுருட்டை மயிருக்கும் மாரி காலத்துக்கும் பிறவிப் பகை. வெயில் நாட்களில் சொன்ன சொல் கேட்கும் தலை, கார்த்திகை பிறந்ததும் வேறு யாருடைய தலையோ போல நடக்கத் தொடங்கும். காலையில் பின்னிய பின்னல் மத்தியானத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். பின்னேரம் எனக்கு முன்னமே என் தலை வாசலுக்கு வந்து சேரும். (கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் என் அக்காவைக் கேட்கலாம். அவள் இன்னும் கூட்டிச் சொல்லுவாள்.)

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரி. எனக்குப் பதினேழு வயது. இடம்பெயர்ந்து வந்து ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். ஐயா, அம்மா, அக்கா, நான். அக்காவுக்கு முழங்கால் வரை தொங்கும் நேர்மயிர். அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவையள் வரேக்கை இவளைக் குசினிக்குள்ளை இருத்துங்கோ அம்மா. தலையைக் கண்டால் பயந்திடுவினம்" என்று அக்கா சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. இந்தத் தலையைத் திருத்திக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

ஷாம்பூ என்ற சொல்லே மறந்துபோயிருந்த காலம். சவர்க்காரம் கிடைத்தால் அது உடுப்புக்கு. என் தோழி மலர்தான் வழி சொன்னாள். மலையகத்திலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் தோட்டம் செய்த குடும்பம் அவளுடையது.

"காஞ்ச தலையில சீப்பு வைக்காத. செவ்வரத்தை எலையும் ஊறவச்ச வெந்தயமும் அரைச்சுப் பூசிக் கழுவு. அப்புறம் குனிஞ்சு, முடிய முன்னால தொங்கவிட்டு, பழைய துணியால அமுக்கி எடு. துவட்டிடாத. கொஞ்சம் எண்ணெயத் தொட்டு வெரலால கோது."

எல்லாம் சரி, எங்கே செய்வது? கொட்டிலுக்குள் ஒழுக்கு, உள்ளங்கையளவு கண்ணாடி, அக்காவின் சிரிப்பு. பக்கத்து வளவில் ஒரு வெறும் வீடு இருந்தது. சொந்தக்காரர் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பாம்பு கிடக்கும், போகாதே என்று அம்மா சொல்லியிருந்தா. ஆனால் அதன் நடு அறையில் ஒரு பழைய அலுமாரி, அலுமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி.

கிணற்றடியில் தலை கழுவிவிட்டு, பொழுது சாயும் மம்மலில் ஜாம் போத்தல் விளக்கோடு அங்கே போவேன். அந்த வீட்டுக்குள் மழைச் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும், யாரோ பக்கத்து அறையில் வாய்க்குள் கதைப்பதைப் போல. குளிருக்குத் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். விளக்குச் சூட்டில் அதை உருக்கிக்கொண்டு குனிவேன். மயிருக்குள்ளால் பார்த்தால் அழுக்கேறிய கண்ணாடியில் அறை தலைகீழாகத் தெரியும். ஒருநாள் அந்தத் தலைகீழ் யன்னலில் ஒரு முகம் தெரிந்தது. நிமிர்ந்து திரும்பினேன். ஒருவருமில்லை. வெளியே ஏதோ விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. விளக்கை ஊதிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த நாள் சைக்கிள் திருத்துகிற தங்கராசா அண்ணை முழங்காலில் கட்டோடு எங்கள் வேலிப் படலையடிக்கு வந்தார்.

"வெறும் வீட்டிலை ஒண்டு நிக்குது ஐயா. ஆளுக்கு முகமில்லை. முன்னுக்கும் மயிர், பின்னுக்கும் மயிர். தலையாலை தண்ணி சொட்டுது."

"எப்ப கண்டனீர்?" என்று ஐயா கேட்டார்.

"நேற்று மம்மலுக்கை."

நேற்று மம்மலுக்குள் நானும் அங்கேதானே நின்றேன்! அப்படியென்றால் அது என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறது! (பள்ளிக்கூடத்தில் என்னைக் கெட்டிக்காரி என்றுதான் சொன்னார்கள்.) அன்றிரவே காய்ச்சல் பிடித்துவிட்டது. ஏன் என்று சொல்லவும் முடியவில்லை. போகாதே என்ற வீட்டுக்கல்லவா போயிருந்தேன்.

கதை வற்றாப்பளை வரைக்கும் போனது. மாப்பிள்ளையின் தாய் அங்கிருந்து ஆள் அனுப்பினா. பேய் நிற்கிற வளவுக்குப் பக்கத்தில் பெண் எடுக்க யோசனையாக இருக்கிறதாம். அக்கா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். என்னைக் குசினிக்குள் இருத்தச் சொன்னவள்தான். ஆனாலும் அவளைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஐயா பேயோட்டுகிற பூசாரியை ஒழுங்குபண்ணினார். தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாயும் வந்தா. பருத்த மனுசி. வெறும் வீட்டின் நடு அறையில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். காய்ச்சல்காரிக்கும் நூல் கட்டலாம் என்று என்னையும் தூக்கிவந்து அலுமாரியடியில் இருத்தினார்கள். வெளியே மழை. பட்டப்பகலிலும் அறை இருண்டு கிடந்தது. சாம்பிராணிப் புகை முட்டியது. உடுக்குச் சத்தம் என் பற்களுக்குள் கேட்டது.

"ஆர் நீ? சொல்லு! இந்த வீட்டிலை உனக்கு என்ன அலுவல்?" என்று பூசாரி கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார்.

காய்ச்சலுக்கு அம்மா இறுக்கிக் கட்டிவிட்டிருந்த கொண்டை, ஈரப்புகையில் மெல்ல மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. நூல் கட்டுவதற்காகப் பூசாரி என்னைத் தலையைக் குனி என்றார். குனிந்தேன். கொண்டை அவிழ்ந்தது. அவ்வளவு மயிரும் முகத்தை மூடிக்கொண்டு விழுந்தது.

"ஐயோ! இதுதான்! இதுதான்!" என்று தங்கராசா அண்ணை குழறினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. மயிர் மறைத்தது. முதலில் ஓடியது பூசாரிதானாம், யன்னலால். ஐயாவும் ஓடியிருக்கிறார். (இல்லை, உதவிக்கு ஆள் கூட்டிவரப் போனதாகத்தான் சாகும்வரை சொன்னார்.) நானும் எழும்பி ஓடத்தான் பார்த்தேன். பேய் எனக்குப் பின்னால் வந்துவிட்டது என்று நினைத்துக் கத்திக்கொண்டு, கைக்குக் கிடைத்த ஆளைக் கட்டிப்பிடித்தேன்.

அது மாப்பிள்ளையின் தாய். இடுப்பில் நாரிப்பிடிப்பு, அவவால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. நடுங்கிக்கொண்டே என் தலையை மோந்து பார்த்தா.

"வெந்தயம் மணக்குது" என்றா.

"ஓம் மாமி."

"பேய் வெந்தயம் வைக்குமோ?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. தங்கராசா அண்ணை கண்டது என்னை. யன்னலில் நான் கண்டது தங்கராசா அண்ணையை. அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கதிரை ஆடும்வரை சிரித்தா. பிறகு வாசலில் எட்டிப் பார்த்த அம்மாவிடம் சொன்னா: "உங்கடை பிள்ளையளுக்கு ஒண்டையும் ஒளிக்கத் தெரியாது போலை. மூத்தவவை எடுப்பம்."

தையில் கலியாணம் நடந்தது. அடுத்த மாரிக்கு நாங்கள் தண்ணீரூற்றுக்குப் போய்விட்டோம். மலர் ஒருநாள் பார்க்க வந்தாள்.

"அந்த வெறும் வீட்டில பொழுது சாயிற நேரம் ஒருத்தி குனிஞ்சு நிக்கிறாளாம். இப்பவும் சொல்றாங்க. நீயா வந்து போற?" என்று கேட்டாள்.

"நானோ? நான் ஏன் அவ்வளவு தூரம் வாறன்?"

மலர் எழும்பி வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கும் மாரி நாட்களில் அக்கா வீட்டுக்குப் போனால், அத்தான் விளக்கைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "முகம் இருக்கு. உள்ளை விடலாம்" என்று குரல் கொடுப்பார். வீடு முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு, எனக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு கதவைச் சாத்துவேன்.