இங்கே தறியே கிடையாது

பிள்ளையின் வயிற்று வலி யாருக்குத் தெரிய வேண்டும்? வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டருக்கா, எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தவருக்கா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

நெசவாளர் குடும்பங்களுக்குக் காப்பீட்டு அட்டை வந்த புதிது. ஆரணியிலேயே அதன் பின்பக்கத்தைப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன் (பிளஸ் டூ படித்த திமிர்). என் மகள் செல்வி அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவளை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. நான் அட்டையை நீட்டினேன். அட்டை என்றால் கம்பெனியின் முன் அனுமதி வர வேண்டும், அதுவரை பிள்ளைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்றார் கவுண்டரில் இருந்தவர்.

என் கணவர் உண்மையிலேயே நெசவாளர்தானா என்று கம்பெனியில் விசாரிப்பார்களாம். எங்கள் வீட்டில் போன் இல்லை. அவருக்குப் பாவும் பட்டும் கொடுக்கிற முதலாளியின் எண்ணை எழுதிக் கொடுத்தேன் (அழகான கையெழுத்தில்).

மதியம் பதில் வந்தது. அனுமதி இல்லை. அப்படி ஒரு நெசவாளரே கிடையாதாம்.

என் கணவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நான் போன் பூத்துக்கு ஓடினேன். பெரிய மனிதரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டுமே என்று பள்ளிக்கூடத் தமிழை எடுத்தேன். "வணக்கம் ஐயா. ஏழுமலை என்பவர் தங்களிடம் நெசவு செய்கிறாரா?"

"அப்டி யாரும் இல்லீங்க. இங்க தறியே கெடையாது," என்றார் முதலாளி. அவருக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. சுத்தத் தமிழில் யார் விசாரித்தாலும், ஏதோ ஆபீசிலிருந்து வரிக் கணக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து எங்கள் ஊர் முதலாளிகள் சொல்லும் பதில் இது. ஊருக்கே தெரியும். எண்ணைக் கொடுத்த மேதாவிக்கு மட்டும் நினைவு வரவில்லை.

"மொதலாளி, நான் ஏழுமல வூட்டுக்காரி. கொழந்த இங்க துடிச்சிகினு கீது. நீங்க தறியே இல்லன்றீங்களே," என்றேன்.

அவர் யாரிடமோ தறியை நிறுத்தச் சொன்னார். பிறகு, "மொதல்லயே இப்டிப் பேசறதுக்கு இன்னாம்மா? ஆபீசர் கணக்கா பேசுனா நான் இன்னா பண்ணுவேன்," என்றார். பாவம், உடனே கம்பெனிக்குப் பேசினார். அந்த மனுவை மூடியாகிவிட்டது, புதிதாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் திரும்பி வந்தபோது செல்வி அழுகையை நிறுத்தியிருந்தாள். அழுததைவிட அதுதான் பயமாக இருந்தது. டாக்டரம்மா மறுபடி வயிற்றைத் தொட்டார். "வெடிக்கறதுக்கு முன்னாடி இது யார் கிட்டயும் அனுமதி கேக்காது," என்று சொல்லிவிட்டு, தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு அவளை உள்ளே கொண்டுபோனார்.

தையல் பிரித்த அன்று அனுமதி வந்தது.

இன்றும் வீட்டில் தட்டுப் போட்டால், "அனுமதி வந்துச்சாம்மா?" என்பாள் செல்வி. "இங்க சோறே கெடையாதுங்க," என்பார் அவள் அப்பா. நானும் சிரிப்பேன். அந்த டாக்டரம்மா அன்று லீவில் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தால் மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். உயிர் போகிற அவசரத்துக்காவது முன் அனுமதி கேட்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இப்போது புது அட்டை எடுக்கிறோம். விசாரிப்பதற்கு ஓர் எண் கேட்கிறார்கள். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். யாருடைய எண்ணை எழுதலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.