ஈரத்துணிக்கு வந்த நோய்

எங்கள் தெருமுனை மருத்துவமனையில் ஒரு மிஷின் வந்து இறங்கியது. மூன்றாம் நாளே ஊரில் பாதிப்பேர் வரிசையில் நின்றார்கள். மீதிப்பேர் அந்தப் பாதிப்பேரிடம் இடம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். நின்ற நிலையிலேயே இரண்டு கல்யாணம் நிச்சயமானதாகக் கேள்வி. நான் ஓய்வுபெற்றவன். இப்படி ஒரு வேடிக்கைக்காகத்தானே ஓய்வு கொடுக்கிறார்கள்?

மிஷின் என்றால் ஒரு பெட்டி, ஒரு திரை, வயரில் தொங்கும் ஒரு பித்தளைப் பிடி. பெயர், வயது, ஆணா பெண்ணா என்று தட்டிவிட்டு, பிடியை ஒரு நிமிஷம் பிடித்தால் போதும். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. உச்சி முதல் உள்ளங்கால் வரை உள்ள நோயெல்லாம் பதினாறு பக்கத்தில் வண்ணப் படங்களோடு அச்சாகி வரும். யாராவது எங்கே வலிக்கிறது என்று வாயெடுத்தால், “நீங்க பேசாதீங்க, அது சொல்லும்” என்பார் டாக்டர். சாமியாடிக் குறி சொன்னால் சிரிக்கிற படிப்பாளிகள்கூட, அதே குறி கலரில் அச்சாகி வந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

என் தங்கை புருஷன் லாரி மெக்கானிக். ஒரு மாதமாக மாடிப்படி ஏறினால் யாரோ நெஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்கச் சொல்லித் தங்கை நச்சரித்தாள். மனுஷன் போய்ப் பித்தளைப் பிடியைப் பிடித்தார். ‘இதயம் 98 சதவீதம்’ என்று வந்தது. அந்தத் தாளை லாமினேட் செய்து சுவரில் மாட்டிவிட்டு, பிரஷர் மாத்திரையைக் குப்பையில் போட்டார். நான் கொஞ்சம் முனகினேன்.

“மிஷின் பொய் சொல்லுமா மச்சான்? அதுக்கென்ன உங்கள மாதிரி வாயா இருக்கு?”

தங்கைக்கு அந்த மருத்துவமனையில்தான் துப்புரவு வேலை. ஒரு நாள் பதினாறு பக்கத்தை என் மடியில் போட்டாள். படித்துப் பார்த்தேன். கல்லீரலில் கொழுப்பு, முட்டித் தேய்மானம், மன உளைச்சல்.

“பாவம், யாரும்மா இது?”

“துடைக்கிற துணி. மிஷின ஆஃப் பண்ணாம போயிட்டாங்க. பிடியத் துடைச்சேன், ரிப்போர்ட் வந்துடுச்சு.”

மறுநாள் காலை முழு வரிசையும் பார்க்க, அந்த ஈரத்துணியைப் பிடியில் சுற்றினாள். ஐம்பத்திரண்டு வயது, பெண் என்று டாக்டரைத் தட்டச் சொன்னாள். துணிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அதே துணிக்கு ஆண் என்று தட்டச் சொன்னாள். ப்ராஸ்டேட் வீக்கம். வரிசையில் ஒருவர், துணிக்கு என்ன மருந்து என்று நிஜமாகவே விசாரித்தார்.

டாக்டர் அசரவில்லை. “உன் கை பட்ட துணிம்மா. உன் உடம்பு அலை அதுல ஏறியிருக்கும்.”

“சரிங்க டாக்டர், கர்ப்பப்பை என்னோடதுன்னே வெச்சுக்குவோம். ப்ராஸ்டேட் யாரோடது?”

அந்தச் சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி ஏழு உடைந்தது. சரி, ஒன்றாவது அதிர்ந்தது. வரிசையில் சிரிக்காதவர் ஒருவர்தான்: இரண்டாம் முறை பிடியைப் பிடிக்க வந்திருந்த அவள் புருஷன். அவர் என் தங்கையிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: “அந்த ஈசிஜி எங்க எடுக்கிறாங்க?”

பெரிய ஆஸ்பத்திரியிலும் மிஷின்தான். ஆனால் அங்கிருந்த டாக்டரம்மா முதலில் அவரை அரைமணி நேரம் பேசவிட்டார். ஈசிஜி நன்றாகத்தான் வந்தது. மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

“உட்காருங்க. இந்தத் தாள் சில சமயம் ஏமாத்தும். படியேறினா வலிக்குதுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு முக்கியம்.”

ஆஞ்சியோகிராம் என்று மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் விட்டு, மிஷின் திரையில் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு. அன்றைக்கே சரிசெய்தார்கள். அந்த மிஷின் இல்லையென்றால் என் தங்கைக்குப் புருஷன் இல்லை. அந்த அம்மா கேட்டிராவிட்டால் அந்த மிஷின் இருந்தும் பிரயோஜனமில்லை.

நிஜமான மிஷினிடம் நாம் கேள்வி கேட்டால் அது கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால், அதை ஆஃப் செய்துவிட்டு உங்கள் மூளையைக் கொஞ்சம் ஆன் செய்யுங்கள்; பயப்படாதீர்கள், ஷாக் அடிக்காது.