டென்னிஸ் மட்டைக்குத் திருமஞ்சனம்

பொய் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. நம் பொய்யைக் கேட்டவர் நம்மைவிட ஒழுங்கானவராக இருந்துவிட்டால், அதை நம்மைவிட அக்கறையாகப் பராமரிக்க ஆரம்பித்துவிடுவார். என் அப்பா அந்த ரகம். என் டென்னிஸ் வாழ்க்கையைக் கவிழ்த்தது பெங்களூர்க்காரன் ஒருவனின் பேக்ஹேண்ட் என்று எங்கள் கிளப்பில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். (சொல்லட்டும், கேட்கக் கௌரவமாக இருக்கிறது.) உண்மையில் கவிழ்த்தது அரைப்படி பசும்பால்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத பண்டிதர். பெருமாளுக்கு அமுது செய்விக்காமல் வாயில் தண்ணீர்கூட விடமாட்டார். எங்கள் வீட்டுக்குள் வெங்காயம் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. எனக்கு இருபத்தொரு வயது. பி.ஏ. முடித்துவிட்டு, காலை மாலை இரண்டு வேளையும் டென்னிஸ் ஆடுவதையே உத்தியோகம்போலச் செய்துவந்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், கிளப்பில் ஒரு டாக்டர், இடுப்புப் பிடித்துக்கொண்டதும், சீமையிலிருந்து வரவழைத்த தன் மட்டையை எனக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு எடுத்துவந்த அன்றே அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இந்தக் கயிறு என்னடா, கண்ணாடியாட்டம் பளபளங்கறது?"

அது ஆட்டுக் குடல். உலர்த்தி முறுக்கிக் கட்டியது. அந்தக் காலத்தில் நல்ல மட்டைக்கெல்லாம் அதுதான். இதைச் சொல்லியிருந்தால் மட்டையோடு நானும் தெருவில் நின்றிருப்பேன்.

"பட்டும்மா. கொள்ளேகால் பட்டு" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. எனக்கு அவ்வளவு திறமை இருந்தது.

பட்டு என்றால் மடி. (அதற்காகப் புழுவை உயிரோடு கொதிக்கப் போடுகிறார்கள் என்பது எங்கள் தெருவில் யாரும் எடுக்காத பேச்சு.) அதனால் ரேழியில் ஓர் ஆணியில் தொங்கிய மட்டை மெல்ல மெல்லக் கூடத்துக்கு வந்தது. இரண்டு வருஷத்தில் பெருமாள் உள் வாசலுக்கே வந்துவிட்டது. அம்மா தினமும் தன் மடிப்புடவை முந்தானையால் அதைத் துடைத்தாள். எனக்கும் ஆட்டுக் குடல் என்பது ஏறக்குறைய மறந்துபோயிருந்தது.

அந்த வருஷ தசரா டோர்னமெண்டில் நான் ஃபைனலுக்கு வந்துவிட்டேன். விஜயதசமி காலையில் ஆட்டம். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியின் அதிகாரி ஃபைனலைப் பார்க்க வருவதாகவும், ஜெயிக்கிறவனைத் தங்கள் டீமில் சேர்த்துக்கொண்டு ஆபீசில் வேலையும் கொடுக்கப்போவதாகவும் சேதி வந்தது. வேலைக்கு வேலை, ஊர் ஊராகப் போய் ஆட லீவு. தோற்றால், அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்த குண்டலுபேட்டை தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலை. அங்கே டென்னிஸ் கோர்ட் கிடையாது. விசாரித்துவிட்டேன்.

கன்னடப் பத்திரிகையில் என் பேர் வந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்தார். அவர் என் ஆட்டத்தைப் பற்றி அதுவரை பேசியதெல்லாம் "சாயங்காலம் குதிக்கப் போயிருக்கான்" என்பதுதான். அன்று என்னைக் கூப்பிட்டார்.

"சம்பத், நாளைக்கு ஆயுத பூஜை. உன் மட்டையையும் வை. அதுவும் ஒரு ஆயுதந்தானே."

உடனே தலையாட்டிவிட்டேன். சந்தோஷத்தில்தான். குடல் ஞாபகம் மறுநாள் காலையில்தான் வந்தது.

அம்மாவின் அரிவாள்மணை, கத்தரிக்கோல், அப்பாவின் பேனா எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் என் மட்டை. மற்றவற்றுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், ஒரு பூ, அவ்வளவுதான். மட்டைக்கு மட்டும் அப்பா ஒரு வட்டிலை எடுத்தார். அதில் அன்று காலை பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்த பால் இருந்தது.

குடல் நரம்புக்கு எமன் ஈரம். மழைத் தூறல் விழுந்தாலே மட்டையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுவோம்.

"அப்பா, ஜலம் கிலம் விட வேண்டாமே!"

"கிளப்புல யார் யாரோ தொட்ட வஸ்து. சுத்தி பண்ணாம வைக்கப்படாது."

"நனைஞ்சா கெட்டுப்போயிடும்பா."

"பட்டு எங்கேயாவது நனைஞ்சா கெடுமோ? பட்டுதானேடா?"

இதோ என் வாழ்க்கை ஒரே ஒரு வார்த்தையில் நிற்கிறது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக என் மட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

"பட்டுதான்" என்றேன்.

"அப்பறம் என்ன, சும்மா இரு" என்று சொல்லி, அரைப்படிப் பாலையும் ஸ்லோகத்தோடு நிதானமாக விட்டார். பிறகு மஞ்சள் ஜலம். பிறகு, காய்ந்துவிடக் கூடாதே என்பதுபோல, நரம்பு நரம்பாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எதிராத்து மாமி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள். தட்டில் வடிந்திருந்ததைப் பெருமாள் தீர்த்தம் என்று நினைத்து உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தலையிலும் தடவிக்கொண்டாள். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூஜையில் வைத்ததை விஜயதசமியன்று மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அதனால் மட்டை ஒரு நாள் முழுக்க அங்கேயே ஊறியது.

நானும் சும்மா இருக்கவில்லை, ஒரு யோசனை வைத்திருந்தேன். விடிந்ததும் நழுவி கிளப்புக்குப் போய், மார்க்கர் மாதையனிடம் மட்டையை இரவல் வாங்கிவிடுவது. மார்க்கர் என்றால், மெம்பர்களோடு ஆடுவதற்காகக் கிளப் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். மட்டைக்கு நரம்பு கட்டுவதும் அவர்தான். கொள்ளேகால்காரர். ஆனால் நான் செருப்பைப் போடுவதற்குள், அப்பா மட்டையைப் பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். பின்னால் தெருப் பெரியவர்கள் பதினைந்து பேர். மத்தியானம் யானை ஊர்வலம் பார்க்கக் கட்டிக்கொண்ட பஞ்சகச்சத்தோடு, அதற்கு முன்னால் என்னையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருந்தார்கள்.

கோர்ட்டில் அப்பா மட்டையை என் கையில் கொடுத்தபோது புளித்த பால் வாசனை குப்பென்று அடித்தது. அம்பயர் மூக்கைச் சுளித்தார்.

"ஏனப்பா இது, மொசரு வாசனே?" என்று கேட்டார். தயிர் நாற்றம்தான், நானே ஒத்துக்கொள்கிறேன்.

முதல் சர்வீஸ் அடித்தேன். பந்து வலைவரைக்கும்கூடப் போகவில்லை, என் பூட்ஸ் மேலேயே விழுந்தது. நரம்புகள் ஊறின அவலாக உப்பித் தொய்ந்திருந்தன. இரண்டாவது சர்வீஸ் எதிராளியிடம் போய்ச் சேர்ந்தது. பந்தில் ஒட்டிக்கொண்டு போன குங்குமம் அவன் வெள்ளைக் கால்சட்டையில் பொட்டாகப் பதிந்தது. அதற்கப்புறம் அவன் ஜாதகமே மாறிவிட்டதுபோல எல்லாமே அவனுக்குப் பலித்தது. மூன்றாவது கேமில் ஒரு நரம்பு அறுந்தது. நான்காவதில் நாலைந்து சேர்ந்தாற்போல அறுந்தன. சந்தனக் கட்டிகள் பறந்து முன்வரிசையில் விழுந்தன. ஆறுக்குப் பூஜ்யம்.

செட் முடிந்ததும் மாதையன் தன் மட்டையோடு ஓடிவந்தார். என்னுடையதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார்.

"ஏனுங்க, இதுல பால ஊத்துனது யாருங்க?"

அப்பா எழுந்து முன்னால் வந்தார். அவருக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது, பெருமைதான். "நான்தான். பெருமாள் தீர்த்தம். ஏன், உங்க ஊர்ப் பட்டு ஒரு வட்டில் பாலுக்குத் தாங்காதா?"

"பட்டுங்களா?" மாதையன் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். பாவம், அவருக்குப் புரியவில்லை. "எங்க ஊர்ப் பட்டு எனக்குத் தெரியாதுங்களா சாமி? இது ஆட்டுக் குடலுங்க."

பஞ்சகச்சங்கள் பதினைந்தும் ஒரே சமயத்தில் ஓர் அடி பின்வாங்கின. அப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நெஜமா?"

"ஆமாம்பா."

திட்டியிருந்தால் தேவலை. அங்கவஸ்திரத்தை அங்கேயே போட்டுவிட்டு வெறும் தோளோடு நடந்து போனார். பின்னாலேயே தெருவும் போயிற்று. மத்தியானம் ஊர்வலத்தில் ஈரத் தலையோடு நின்றவர்களெல்லாம் எங்கள் தெருக்காரர்கள்தான். எதிராத்து மாமி மூன்று நாள் பட்டினி கிடந்து பிராயச்சித்தம் செய்துகொண்டாள்.

இரண்டாவது செட்டில் மாதையனின் மட்டை ஒழுங்காகத்தான் இருந்தது. நான்தான் பந்தைப் பார்க்கவில்லை. அப்பா உட்கார்ந்திருந்த காலிப் பெஞ்சையே என் கண் தேடிக்கொண்டிருந்தது. ஆறுக்கு ஒன்று. கம்பெனி அதிகாரி குங்குமப் பொட்டுக்காரனைக் கைகுலுக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

குண்டலுபேட்டைக்குப் போ என்று சொல்வதற்காவது அப்பா என்னோடு பேசியாக வேண்டும். அவர் பேசவில்லை, நானும் போகவில்லை. "உன் பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா வழியாகத்தான் எல்லாம் நடந்தது. நான் கிளப்பில் மாதையனுக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறவன் டோர்னமெண்டில் ஆடக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஆக, தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரனாகிவிட்ட அன்றே என் போட்டி வாழ்க்கை முடிந்துபோனது. அப்புறம் முப்பத்தெட்டு வருஷம், வக்கீல்களுக்கும் டாக்டர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆடக் கற்றுக்கொடுத்தேன். மீதி நேரத்தில் நரம்பு கட்டினேன். அக்ரஹாரத்து ஐயங்கார் வீட்டில் பிறந்து என் அளவுக்கு ஆட்டுக் குடலில் கை வைத்தவன் யாரும் இருக்க முடியாது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. வீட்டில் இருக்கக் கூச்சப்பட்டு, காலையிலேயே கிளப் ஷெட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அப்பா. கையில் சந்தனக் கிண்ணம். உள்ளே கால் வைக்கவில்லை. சுவரில் தொங்கிய மட்டைகளைப் பார்த்து முகத்தை ஒரு தடவை சுளித்துக்கொண்டார்.

"கையை அலம்பிண்டு வெளியில வா."

ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. அலம்பிக்கொண்டு போனேன். என் வலது கையைப் பிடித்து, மணிக்கட்டில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்.

"ஆயுதம் இதுதானே? இதுன்னா எந்த மிருகத்தோடதுன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் அந்த ஷெட் வாசலில் நின்று, இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை, விக்கி விக்கி அழுதேன். மாதையன் பார்க்காததுபோல உள்ளே போய்விட்டார்.

இன்றுவரைக்கும் எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். அரிவாள்மணைக்கும் என் பிள்ளையின் ஸ்கூட்டருக்கும் நடுவில் நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பேரக்குழந்தைகள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடுவார்கள். போன வருஷம் என் மனைவி குங்குமம் வைத்துவிட்டு, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"துரு ஏறிடுத்து. கொஞ்சம் எண்ணெய் போட்டாத்தான் ஆகும்" என்றாள்.