ஒரு மூடி மருந்துக்காரர்

அப்பாக்களில் எத்தனையோ வகை உண்டு. இன்று உங்களுக்கு நான் காட்டப்போவது ஒரு மூடி மருந்துக்காரரை. காலையில் குழந்தையின் நெற்றி அனலாய்க் கொதிக்கும். இவர் காய்ச்சல் மருந்தை ஒரு மூடி ஊற்றிக் குடிக்கவைத்து, வாயைத் துடைத்து, முதுகில் பையை மாட்டி, பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்த்தால் குழந்தை இருமிவிடுமோ என்று பயந்து, திரும்பிப் பார்க்காமலே அலுவலகத்துக்குப் பறந்துவிடுவார். அம்மாக்கள் இதில் இளைத்தவர்களா என்ன? அவர்களிலும் இந்த வகை ஏராளம்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் பள்ளிக்கூட எழுத்தர். என் மேசைக்கும் நோயறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஒரு நர்ஸ், ஒரு கட்டில், ஒரு தெர்மாமீட்டர். எண்ணூறு பிள்ளைகளுக்கும் அவ்வளவுதான். ஏழரை மணிக்குக் கொடுத்த மருந்தின் வேகம் பதினொன்றரைக்கு இறங்கிவிடும். எங்கள் சுவர்க் கடிகாரம் நின்று இரண்டு மாதமாகிறது, யாரும் கவலைப்படவில்லை. நோயறை வாசலில் வரிசை நின்றால் மணி பதினொன்றரை.

பிறகு நர்ஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போடுவார். எல்லாரும் மனப்பாடமாக ஒப்பிப்பது ஒரே வாசகம்தான்: "காலைல நல்லாத்தான் இருந்தா சிஸ்டர்." பதிவேட்டில் அதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன நர்ஸ், அந்த வாசகத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துதரச் சொன்னார். செய்துகொடுத்தேன். ஒரே வருடத்தில் தேய்ந்துவிட்டது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது இரண்டாவது.

போன வாரம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து படுத்தாள். நூற்றிரண்டு டிகிரி. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நர்ஸின் ஒரு கை அவள் நெற்றியில் ஈரத்துணியைப் பிடித்திருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவை அழைத்தார். என் காதுக்கு வேறென்ன வேலை?

"சார், பாப்பாவுக்கு நூத்திரெண்டு இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க."

"நூத்திரெண்டா? கொஞ்சம் பாத்துப் போடுங்க சிஸ்டர்."

"இதென்ன சார், காய்கறிக் கடையா?"

"நூறுன்னு வெச்சுக்கலாமே. நூறுன்னா மூணு மணி வரைக்கும் தாங்குவா. எனக்கு முக்கியமான மீட்டிங்."

"நாம வெச்சுக்கிட்டா காய்ச்சல் கேக்குமா சார்?"

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நூத்தியொண்ணு. அதுக்கு மேல என்னால முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் ஃபோனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நர்ஸ் குரலைக்கூட உயர்த்தவில்லை. "காலைல மருந்து குடுத்தீங்களா சார்? மறைச்சீங்கன்னா தெரியாம நானும் ஒருதரம் குடுத்துருவேன். அளவு மீறினா பாப்பாவுக்குத்தான் ஆபத்து."

"ஒரு மூடி. ஏழரைக்கு" என்று குரல் இறங்கி வந்தது. "வர்றேன் சிஸ்டர்."

வந்தார். ஒரு மணி நேரம் கழித்து, கழுத்தில் மஃப்ளரோடும் கையில் வீட்டுத் தெர்மாமீட்டரோடும் வந்தார். "எதுக்கும் இதுல ஒருதரம் பாத்துடலாம் சிஸ்டர். எங்க வீட்டுக்கு வந்த நாள்லருந்து தொண்ணூத்தெட்டைத் தாண்டினதே இல்ல" என்றார், நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பெருமையோடு.

நர்ஸ் அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தார். தன் தெர்மாமீட்டரைத் துடைத்தார்.

"வாயைத் திறங்க சார்."

"எனக்கா? நான் எதுக்கு..." அதற்குமேல் பேச முடியவில்லை, வாயில் தெர்மாமீட்டர்.

நூற்றொன்று. அவர் கேட்ட அதே நூற்றொன்று, ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலையில் தானும் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்பினாராம்.

சிறுமி சுவரோரமாக நகர்ந்தாள். "அப்பா, இங்க படுத்துக்கோங்க." குழந்தைகளுக்குச் செய்த கட்டில் அது. படுத்தவரின் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கியது. எனக்கு அதுவரை இருந்த கோபம் போய், பாவமாகிவிட்டது.

நர்ஸ் அம்மாவை அழைத்தார். விவரத்தைக் கேட்டதும் அம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"பாப்பாவை இப்பவே வந்து கூட்டிட்டுப் போறேன் சிஸ்டர். அவர் அங்கேயே இருக்கட்டும். ஸ்கூல் விடும்போது அனுப்பிடுங்க."

சொன்னபடி அம்மா வந்தார், சிறுமி வீட்டுக்குப் போனாள். அப்பா கடைசி மணி அடிக்கும்வரை அங்கேயே படுத்திருந்தார். பக்கத்தில், முழங்காலில் சிராய்ப்போடு வந்த ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று, "நீங்க எந்த கிளாஸ் அங்கிள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை உங்கள் வீட்டில் ஒரு சின்ன நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "லேசாத்தான் இருக்கு" என்று சொன்னது யார்? பதில் எனக்கு வேண்டாம். மேசையில் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.